1,500 படம், 6,000 நாடகம்... ‘சர்வீஸ் புக்’ மட்டும் இல்லை! எஸ்.என்.லட்சுமியின் கதை இன்று ஏன் முக்கியம்?

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஒருவர் ரிட்டயர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி, வாங்கிய இன்கிரிமென்ட், எடுத்த லீவு, கிடைத்த பதவி உயர்வு எல்லாம் ‘சர்வீஸ் புக்’கில் வரி வரியாக இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவருக்கு அவ்வளவு விவரமான பதிவேடு இருக்காது. ஆனாலும் பி.எஃப். கணக்கு இருக்கும். அம்பத்தூருக்கென்றே தனி பி.எஃப். மண்டல அலுவலகம்கூட இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் என்று மெயில் முழுக்க நிரம்பி வழியும்.

இப்போது ஆவடியில் இருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்கு வாருங்கள். பைபாஸைத் தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் போனால் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி. ‘பிக் பாஸ்’ வீடு இருக்கும் அதே இடம்தான். பெரிய படங்களின் செட்டும் அங்கேதான், டி.வி. நிகழ்ச்சிகளின் செட்டும் அங்கேதான். இதுபோன்ற ஏதாவது ஒரு செட்டில், காலையிலேயே மேக்கப் போட்டு, காட்டன் புடவை கட்டி, தன் ஷாட்டுக்காக பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து காத்திருக்கும் ஒரு சீரியல் பாட்டியைக் கற்பனை செய்யுங்கள்.

அவரிடம் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேட்டால் எதைக் காட்டுவார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தில் இருந்து தொடங்கலாம்.

யார் இந்த எஸ்.என்.லட்சுமி?

பெயரைச் சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் சுருட்டிக்கொள்ளும் அந்தப் பாட்டி என்றால், ‘அட, அவங்களா!’ என்பீர்கள். ‘தேவர் மகன்’ (1992), ‘மகாநதி’ (1994), ‘விருமாண்டி’ (2004) என்று கமல்ஹாசன் படங்களில் தொடர்ந்து வந்தவர். கடைசி ஆண்டுகளில் ‘தென்றல்’, ‘சரவணன் மீனாட்சி’ தொடர்கள் மூலம் வீட்டு ஹாலுக்கே வந்தார். 2012 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 85.

விருதுநகர் பக்கம் சென்னெல்குடி கிராமத்தில் 1927-ல் பிறந்தவர். வீட்டில் 13-வது குழந்தை. சிறுமியாக இருக்கும்போதே நாடக மேடை ஏறிவிட்டார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழு, பிறகு எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் ‘சேவா ஸ்டேஜ்’ என்று அவர் தொழில் கற்ற இடங்கள் எல்லாமே தமிழ் நாடகத்தின் பெரிய பள்ளிக்கூடங்கள். முத்துராமன் போன்றவர்கள் சினிமாவுக்கு வந்ததும் ‘சேவா ஸ்டேஜ்’ வழியாகத்தான்.

சினிமாவில் அவர் தொடங்கியது கூட்டத்தில் ஒருவராக. எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ (1948) படத்தின் புகழ்பெற்ற முரசு நடனத்தில் ஆடிய பெண்களில் அவரும் ஒருவர். எம்.ஜி.ஆர். நடித்த ‘பாக்தாத் திருடன்’ (1960) படத்தில் சிறுத்தையோடு மோதும் காட்சியில் டூப் போடாமல் நடித்தவர் என்று அவரது மறைவுச் செய்திகளில் குறிப்பிட்டிருந்தார்கள்.

மேடை, வெள்ளித்திரை, சின்னத்திரை மூன்றையும் பார்த்த, ஏறத்தாழ 70 ஆண்டு நீண்ட தொழில் வாழ்க்கை அது. தமிழக அரசின் கலைமாமணி விருதும் பெற்றவர்.

அந்த எண்கள் சொல்லும் கதை

அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் இரண்டு எண்களைச் சொல்வார்கள். 1,500 படங்கள், 6,000 நாடகங்கள்.

இந்த 6,000 என்பது 6,000 தனித்தனிக் கதைகள் அல்ல. 6,000 முறை மேடை ஏறியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தினம் ஒரு நாடகம் என்று ஒருநாள்கூட விடாமல் நடித்தால் 6,000-ஐத் தொட 16 வருடத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரு உழைப்பு.

ஆனால், இரண்டுமே முழு எண்கள் என்பதைக் கவனியுங்கள். 1,487 படம், 6,112 நாடகம் என்று யாரும் சொல்வதில்லை. டேங்க் ஃபேக்டரி ஊழியரின் சர்வீஸ், வருடம், மாதம், நாள் வரை கணக்காக இருக்கும். இங்கே இருப்பது சுமார் கணக்கு. நாடக நோட்டீஸ் அடுத்த நாளே குப்பைக்குப் போனது. கூட்டத்தில் ஒருவராக நடித்த படத்தில் டைட்டிலில் பெயர் வராது. சிறிய வேடங்களின் கதி பெரும்பாலும் அதுதான்.

பிரபலமானவருக்கே இந்த நிலை என்றால், அவரோடு மேடை ஏறி, சினிமாவில் இரண்டு வசனம் பேசி, சீரியலில் பக்கத்து வீட்டு மாமியாக வந்துபோன நூற்றுக்கணக்கான பெண்களின் உழைப்பு எங்கே பதிவாகியிருக்கும்?

37 வயதில் ‘அம்மா’

எஸ்.என்.லட்சுமிக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த படம் ‘சர்வர் சுந்தரம்’ (1964). கே.பாலசந்தர் எழுதிய மேடை நாடகம்தான் பிறகு படமானது. அதில் நாகேஷுக்கு அம்மாவாக நடித்தார் லட்சுமி.

நாகேஷ் பிறந்தது 1933-ல். லட்சுமி பிறந்தது 1927-ல். அதாவது ‘மகனை’விட ‘அம்மா’வுக்கு ஏறத்தாழ 6 வயதுதான் கூடுதல்! படம் வந்தபோது லட்சுமிக்கு 37 வயது. இன்றைக்கு உங்கள் ஆபீஸில் 37 வயதில் இருப்பவர் டீம் லீடாகவோ மேனேஜராகவோ இருப்பார். மேலே போக இன்னும் பல படிகள் இருக்கும். நடிகைக்கோ அந்த வயதில் தலையில் வெள்ளை அடித்துவிடுவார்கள். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவர் பெரும்பாலும் அம்மா, பிறகு பாட்டி.

இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இளம் வயதிலேயே கிழவி வேடம் கட்டி, குரலை மாற்றி, முதுகை வளைத்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுவது மேடை கொடுத்த பயிற்சி. கதாநாயகியின் மார்க்கெட் பத்து வருடத்தில் முடிந்துவிடும் தொழிலில் ஒருவர் 70 வருடம் நின்றார் என்றால், அந்தப் பயிற்சிதான் காரணம். அதே பயிற்சியோடு நாடகத்தில் இருந்து வந்து ஆயிரம் படங்களைக் கடந்தவர் ‘ஆச்சி’ மனோரமா. 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் தொடங்கியவர், 1985-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்.

மனோரமாவின் கணக்கை உலகமே வைத்துக்கொண்டது. மற்றவர்களின் கணக்கு அவரவர் ஞாபகத்தில் மட்டும்தான்.

சீரியல் எப்படி ஓடுகிறது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் வந்தது. சன் டி.வி. 1993-ல் தொடங்கியது. 1999-ல் ‘சித்தி’ தொடருக்குப் பிறகு தினசரி மெகா சீரியல் என்பது பெரிய தொழிலானது. நாடக மேடை சுருங்கி, சினிமாவிலும் வயதான பாத்திரங்கள் குறைந்த காலத்தில், மேடைக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது சின்னத்திரைதான். சினிமாவில் ஒரு பாட்டி வேடத்துக்குச் சில நாள் வேலை. சீரியலில் ஒரு பாட்டி வேடம் கிடைத்தால் ஒவ்வொரு மாதமும் சில நாள் வேலை. கதை ஓடும்வரை வருடக்கணக்கில் வரும். வீட்டு வாடகைக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

அங்கே வேலை நடக்கும் விதமே வேறு. பெரும்பாலும் நாள் கணக்கில்தான் சம்பளம். ‘கால்ஷீட்’ என்பார்கள். காலையில் வந்தால் இரவு வரை ஷூட்டிங். நாளைக்கு என்ன சீன் என்பது பல சமயம் நாளைக்குத்தான் தெரியும். மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் வசனத்தை உரக்கச் சொல்ல, நடிப்பவர் அதைக் கேட்டபடியே பேசுவார். இதற்குப் பெயர் ‘ப்ராம்ப்டிங்’. இரண்டு மணி நேர நாடகத்தை ஒரு வரி பிசகாமல் சொல்லிப் பழகிய மேடைக் கலைஞர் ஒரே டேக்கில் முடித்துவிடுவார். தயாரிப்பாளருக்கு நேரமும் பணமும் மிச்சம். அந்தத் திறமைக்காகத் தனியாக ஒரு ரூபாய் கூடுதலாகத் தரப்படுவது அபூர்வம்.

வாராவாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வரும். எண் இறங்கினால் கதை மாறும். கதை மாறினால் பாட்டி ‘ஊருக்குப் போய்விடுவார்’, அல்லது சுவரில் மாலை போட்ட போட்டோ ஆகிவிடுவார். சில நேரம் அந்த போட்டோ ஷாட்டைப் பார்த்துத்தான் தன் வேலை போனதே நடிகைக்குத் தெரியவரும் என்று செட்டில் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. வேடிக்கைதான். ஆனால் நோட்டீஸ் பீரியட் இல்லாத வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

கேரக்டர் யாருடையது?

பூந்தமல்லிக்காரர்கள் மறக்க முடியாத ஒரு பெயர் இருக்கிறது. சித்ரா. மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராகத் தொடங்கி, படிப்படியாக வளர்ந்து, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் ‘முல்லை’யாகத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர். 2020 டிசம்பர் 9 அன்று, 28 வயதில், நசரத்பேட்டையில் அவர் மறைந்த செய்தி பலரைக் கலங்க வைத்தது. அந்த வழக்கைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. தொழில் பற்றி ஒன்றை மட்டும் சொல்லலாம்.

சித்ரா போனார். முல்லை போகவில்லை. வேறொரு நடிகை முல்லையாக வந்தார், கதை தொடர்ந்தது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தினசரி ஒளிபரப்பில் வேறு வழி கிடையாது. அதை நம்பி ஒரு யூனிட்டே இருக்கிறது. ஆனால், ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற அந்த ஒற்றைக் கார்டு ஓர் உண்மையைச் சொல்கிறது. கேரக்டர் சேனலுக்குச் சொந்தம். நடிகைக்குச் சொந்தமானது அவருடைய உழைப்பு மட்டும். அந்த உழைப்புக்காவது கையில் ஒரு சான்று வேண்டாமா?

ஷூட்டிங் நின்ற 2 மாதம்

சான்று இல்லாததன் விலை என்ன என்பது 2020-ல் எல்லோருக்கும் தெரிந்தது. கொரோனாவால் அந்த மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றன. மே மாத இறுதியில்தான், அதிகபட்சம் 60 பேர் என்ற கட்டுப்பாட்டோடு, சின்னத்திரை ஷூட்டிங்குக்குத் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் ‘கால்ஷீட்’ இல்லை. அதனால் சம்பளமும் இல்லை.

அதே நேரத்தில் டி.வி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேனல்கள் பழைய தொடர்களைத் தூசு தட்டி எடுத்தன. 2002-ல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ மறுபடி ஒளிபரப்பாகி, புதிய தலைமுறையும் உட்கார்ந்து பார்த்தது. விளம்பரமும் வந்தது. ஆனால் மறுஒளிபரப்புக்கு நடிகர்களுக்குப் பங்கு தரும் வழக்கம் நம் சீரியல் உலகில் வேரூன்றவில்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், தங்கள் நடிப்பு வணிகரீதியாகப் பயன்படுத்தப்படும்போது கலைஞர்களுக்கு ராயல்டி உண்டு என்கிறது. பாடகர்கள் சங்கம் வைத்து அதைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். சீரியல் நடிகர்கள் கேட்க வேண்டுமென்றால், எந்தத் தொடரில், எத்தனை எபிசோடில் இருந்தோம் என்ற கணக்கு முதலில் வேண்டும்.

பாதுகாப்பு என்ற கோணமும் உண்டு. அதே 2020 பிப்ரவரி 19 இரவு, இ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து 3 பேர் உயிரிழந்தார்கள். விபத்து என்று வந்துவிட்டால், ‘இவர் எங்கள் ஊழியர், இவ்வளவு சம்பளம்’ என்று எழுதிய ஒரு தாள்தான் குடும்பத்தைக் காப்பாற்றும். பெரிய படத்தில் நடந்தது ஊருக்கே தெரிந்தது. சிறிய யூனிட்டில் நடந்தால்?

பிரிட்டனில் எப்படி?

எஸ்.என்.லட்சுமிக்கு ஒரு வருடம் மூத்தவர் ஜீன் அலெக்சாண்டர். 1926-ல் லிவர்பூலில் பிறந்தவர். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடக ஆசையை வளர்த்தவர். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் நடித்து, 1964-ல் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ சீரியலில் ஹில்டா ஆக்டன் என்ற துப்புரவுப் பணிப்பெண்ணாக வந்தார். 1987 வரை, 23 வருடம் அதே கேரக்டர். பிறகு பி.பி.சி.யின் ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ தொடர். 2016-ல் மறைந்தார். நாடகத்தில் இருந்து சீரியல், கதாநாயகி அல்லாத வேடம், ஆனாலும் ஊருக்கே செல்லம். இருவர் வாழ்க்கையும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறது, இல்லையா?

வித்தியாசம் எங்கே? அங்கே நடிகர்களுக்கு ‘ஈக்விட்டி’ என்ற தொழிற்சங்கம் 1930 முதல் இருக்கிறது. குறைந்தபட்ச சம்பளம், வேலை நேரம், மறுஒளிபரப்புத் தொகை எல்லாவற்றையும் சேனல்களோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்குகிறது. அடுத்தது, பதிவு. பி.பி.சி.யின் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் 1923 முதல் 2009 வரை வந்த நிகழ்ச்சி விவரங்களை இன்று யாரும் இணையத்தில் தேடலாம். ஒரு நாடகத்தில் ஒரே ஒரு காட்சியில் வந்தவரின் பெயரும் பல சமயம் கிடைத்துவிடும்.

பிரிட்டனில் நடிகர்கள் எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அங்கேயும் வேலை இல்லாத மாதங்கள் அதிகம். ஆனால் செய்த வேலைக்குக் கணக்கு இருக்கிறது. உரிமை கேட்க அந்தக் கணக்குதான் முதல் படி.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் இந்தக் கதை 2012-ல் முடியாமல் இன்றைக்கு வருகிறது.

இதுவரை சினிமாத் தொழிலாளர்களுக்கு என்று இருந்தது 1981-ம் ஆண்டுச் சட்டம். அது பேசியது திரைப்படத்தைப் பற்றி மட்டும். சீரியல் அதில் வராது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது மெகா சீரியலே கிடையாது!

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு 4 புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றியது. அது 1981 சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் முக்கிய அம்சங்கள் இவை:

• ‘ஒலி-ஒளித் தொழிலாளர்’ என்ற புதிய பிரிவு. நடிகர், பாடகர், தொகுப்பாளர், செய்தி வாசிப்பவர், டப்பிங் கலைஞர், ஸ்டன்ட் கலைஞர் எல்லோரும் இதில் வருகிறார்கள்.

• திரைப்படம் மட்டுமல்ல, டி.வி., வெப் சீரிஸ், டாக் ஷோ, ரியாலிட்டி ஷோ எல்லாமே இதில் அடங்கும்.

• எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு அமர்த்தக் கூடாது. அந்த ஒப்பந்தத்தைத் தயாரிப்பாளர் உரிய அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

• என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், என்ன பாதுகாப்பு, தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று, சம்பள வரம்பு. மத்திய அரசு அறிவிக்கும் தொகைக்குள் சம்பளம் வாங்குபவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. வரம்பைக் குறைவாக வைத்தால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். இரண்டு, பதிவு செய்யும் அதிகாரியும் விதிகளும் களத்தில் வேலை செய்ய வேண்டும். பூந்தமல்லியில் இருக்கும் ஒரு செட்டில் ஒப்பந்தம் போட்டார்களா என்று டெல்லியில் இருந்து யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

‘நடைமுறைக்கு ஒத்துவருமா?’

தயாரிப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சேனல் தரும் பட்ஜெட் குறைவு, ரேட்டிங் விழுந்தால் தொடரே நிற்கும், இதில் ஒரு நாள் வேடத்துக்கெல்லாம் ஒப்பந்தமா என்று கேட்பார்கள். சில கலைஞர்களுக்கும் தயக்கம் இருக்கிறது. இதுவரை அவர்கள் பார்த்த ஒப்பந்தம் பெரும்பாலும் ‘வேறு சேனலில் நடிக்கக் கூடாது’ என்று கட்டிப்போடும் ஒப்பந்தம். ‘கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவோம், வாய் வார்த்தையே போதும்பா’ என்ற பயம் இயல்பானது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆப்பில் ஒரு பிரியாணி ஆர்டர் செய்தால், யார் சமைத்தது, யார் கொண்டுவந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாம் பதிவாகிறது. ஒரு எபிசோடுக்கு யார் யார் வந்தார்கள் என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் சம்பளமே போட முடியாது. அந்தக் கணக்கில் ஒரு பிரதியைக் கலைஞரின் போனுக்கு அனுப்ப என்ன செலவாகிவிடும்? பட்ஜெட்டைச் சாக்குச் சொல்ல முடியாத சீர்திருத்தம் இது.

மேடை வெளியே நிற்கிறது

புதிய சட்டத்தின் பட்டியலில் டி.வி. இருக்கிறது, வெப் சீரிஸ் இருக்கிறது. மேடை நாடகம் இல்லை. எஸ்.என்.லட்சுமியை உருவாக்கிய அந்த 6,000 இரவுகள் இன்றைய சட்டத்தின் கண்ணுக்கும் தெரியாது.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ‘இ-ஷ்ரம்’ தளத்தில் பதியலாமே என்றால், அதற்கு 16 முதல் 59 வயதுக்குள் இருக்க வேண்டும். பாட்டி வேடம் போடும் வயதில் கதவு மூடிவிடுகிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதை வாங்கத் தான் ஒரு கலைஞர் என்று நிரூபிக்க வேண்டும். ஐம்பது வருடம் மேடையில் நின்றவர், மங்கிப்போன இரண்டு போட்டோவையும் ஒரு சங்க அட்டையையும் வைத்துக்கொண்டு தன்னைக் கலைஞர் என்று நிரூபிப்பதை நினைத்துப் பாருங்கள். உதவித்தொகையைக் கூட்டுவது எவ்வளவு அவசியமோ, அதே அளவு அவசியம் அந்த நிரூபிக்கும் சுமையைக் குறைப்பது.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. நான்கே நான்கு.

1. சின்னத்திரைக் கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் பதிய உரிய அதிகாரியும் எளிய ஆன்லைன் முறையும் வேண்டும். தமிழில் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம் போதும். ஒரு நாள் வேலைக்கும் அது பொருந்த வேண்டும்.

2. ஒவ்வொரு எபிசோடிலும் நடித்த எல்லோர் பெயரையும், படிக்கும் வேகத்தில், டைட்டிலில் போட வேண்டும். ஓ.டி.டி. தளத்தில் அந்த எபிசோடின் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். இதற்குச் செலவே கிடையாது.

3. மேடைக் கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றமும் சங்கங்களும் சேர்ந்து ஒரு டிஜிட்டல் பதிவேடு உருவாக்க வேண்டும். மேடைக்கும் ஒரு ‘சர்வீஸ் புக்’ வேண்டும்.

4. மறுஒளிபரப்புக்கும், தொடரை வேறு தளத்துக்கு விற்பதற்கும் ஒரு சிறு பங்கு கலைஞர்களுக்கு வர வேண்டும். எவ்வளவு என்பதைச் சங்கங்களும் சேனல்களும் பேசி முடிவு செய்யட்டும். முதலில் பேச்சைத் தொடங்கட்டும்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இந்த மேற்குப் புறநகரில், உங்கள் தெருவிலேயேகூட, ஒரு காலத்தில் நாடகம் போட்ட அத்தையோ பெரியம்மாவோ இருக்கலாம். அம்பத்தூர், ஆவடி பக்கம் தொழிற்சாலை ஊழியர்கள் சேர்ந்து ஆண்டுவிழா நாடகம் போட்டது நம் அப்பா, தாத்தா காலத்து ஞாபகம். பரணில் கிடக்கும் அந்த நோட்டீஸையும் போட்டோவையும் எடுத்து உங்கள் போனில் படம் பிடித்து வையுங்கள். எந்த ஊரில், எந்த வருடம், என்ன வேடம் என்று அவரிடமே கேட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். சட்டம் வந்து எழுதும் வரைக்கும் அதுதான் அவருடைய சர்வீஸ் புக்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ அடுத்த முறை டி.வி.யில் போடும்போது நாம் மறுபடி விழுந்து விழுந்து சிரிக்கத்தான் போகிறோம். சிரித்து முடித்ததும், ‘அந்தப் பாட்டி பேரு எஸ்.என்.லட்சுமி’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.